‘செல்’ என்னும் வினையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதிகளும்: ஒரு மதிப்பீடு

ஒரு தமிழ்ச் சொல்லின் பொருளையும் பிறப்பையும் இணையத்தில் தேடுவோர்க்கு விடைகளுக்குப் பஞ்சமில்லை. சான்றோடு வரும் விடைதான் அரிதாக இருக்கிறது. ஒலியில் ஒத்திருக்கும் இரண்டு சொற்களை அருகருகே வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று அறுதியிட்டுச் சொல்லிவிடும் பதிவுகள் நாள்தோறும் பகிரப்படுகின்றன. அவை எந்த நூலிலிருந்து எடுக்கப்பட்டன, எந்த மொழியின் எந்த வடிவத்தை ஆதாரமாகக் கொண்டன என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. இந்த நிலையில் நான் பல ஆண்டுகளாக நம்பிப் பயன்படுத்திவருவது, சிகாகோ பல்கலைக்கழகம் நடத்தும் தெற்காசிய மின்னகராதிச் சேவை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, வின்சுலோ அகராதி, பெப்ரிசியசு அகராதி ஆகியவற்றோடு, பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் இங்கே கட்டணமின்றித் திறந்து கிடக்கின்றன. இச்சேவையின் தரத்தைப் பொதுவாகப் புகழ்வதைவிட, ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அது எவ்வளவு தூரம் நம்மை அழைத்துச்செல்கிறது என்று காட்டுவதே முறையான மதிப்பீடாகும் என்று கருதுகிறேன். அதற்கு நான் தேர்ந்துகொண்ட சொல் ‘செல்’.

இச்சொல்லின் இன்றைய நிலை விந்தையானது. தமிழ்நாட்டில் யாரும் வீட்டில் ‘கடைக்குச் செல்’ என்று பேசுவதில்லை; ‘போ’ என்பதே பேச்சு. ‘சென்றான்’, ‘செல்கிறது’, ‘சென்ற ஆண்டு’ ஆகியவையெல்லாம் எழுத்திலும் மேடையிலும் செய்தி வாசிப்பிலும் மட்டுமே வாழ்கின்றன. ஆனால் இதே வினையிலிருந்து வந்த ‘செலவு’ எல்லார் வாயிலும் உண்டு. ‘செல்லாது’ என்பதும் அப்படியே. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு 500 ரூபாய், 1000 ரூபாய்த் தாள்கள் விலக்கப்பட்டபோது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ‘நோட்டு செல்லாதாம்’ என்றுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஈழத்துப் பேச்சில் இவ்வினை இன்னும் ஒரு படி உயிர்ப்போடு இருக்கிறது: ‘அங்க போக எவ்வளவு நேரம் செல்லும்?’ என்று யாழ்ப்பாணத்தில் இயல்பாகக் கேட்பார்கள். நடமாட்டத்தைக் குறித்த ஒரு வினை, அந்தப் பொருளைப் பேச்சில் ‘போ’ என்பதற்கு விட்டுக்கொடுத்துவிட்டு, காசிலும் காலத்திலும் தங்கிக்கொண்டது எப்படி என்பதே நான் அகராதிகளிடம் கொண்டுசென்ற கேள்வி.

முதலில் தமிழ்ப் பேரகராதி. 1913இல் பணி தொடங்கி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, 1939இல் பின்னிணைப்புத் தொகுதியோடு நிறைவெய்திய இப்பெருநூலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைச்சொற்கள் உள்ளன. ஜே. எஸ். சாண்ட்லர் முதற்பதிப்பாசிரியராக இருந்தார், மு. இராகவையங்கார் தலைமைப் புலவராகப் பணிபுரிந்தார். 1926 முதல் ச. வையாபுரிப் பிள்ளையின் பொறுப்பில் பணி முடிந்தது. இந்த அகராதியில் வினைச்சொற்கள் ‘-தல்’, ‘-த்தல்’ என்னும் ஈறுகளோடு தலைச்சொல்லாக நிற்கும் என்பதையும், வினை என்னும் குறிப்புக்கு முன்னால் வரும் எண், அவ்வினை இறந்தகாலத்திலும் எதிர்காலத்திலும் எந்த வாய்பாட்டில் வடிவம் கொள்ளும் என்பதைக் காட்டுகிறது என்பதையும் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ‘செல்’ என்று தமிழிலேயே தட்டித் தேடலாம். தேடினால் ஒரே வடிவில் பல தலைச்சொற்கள் வரிசையாக வரும்: போதலைக் குறிக்கும் வினை ஒன்று, மேகத்தையும் இடியையும் குறிக்கும் பெயர் ஒன்று, கறையானைக் குறிக்கும் பெயர் இன்னொன்று. ‘செல்லரித்த ஓலைச்சுவடி’ என்று நாம் எழுதும்போது வருவது இந்தக் கடைசிச் செல். அது நடக்கும் செல் அன்று. இரண்டையும் தனித்தனியே நிறுத்தியிருப்பதே ஒரு நல்ல அகராதியின் முதற்கடமை.

வினையாகிய செல் என்பதன் பதிவைத் திறந்தால், தமிழ் வடிவத்தை அடுத்து அடைப்புக்குறிக்குள் இனமொழி வடிவங்களும் (தமிழோடு உறவுடைய பிற மொழிகளில் அச்சொல் கொள்ளும் வடிவங்கள்), பிறகு எண்ணிட்ட பொருள்களும், ஒவ்வொரு பொருளுக்கும் ஆங்கில விளக்கம், தமிழ் விளக்கம், இலக்கிய மேற்கோள் என்னும் வரிசையும் அமைந்திருக்கும். போதல், காலம் கழிதல், ஏற்புடையதாதல், செல்லுபடியாதல் என்று பொருள்கள் கிளைத்துப் போவதைப் பார்க்கும்போது, இவற்றுள் எது பழையது, எது பிற்காலத்தது என்று கேட்கத் தோன்றும். ‘நோட்டு செல்லும்’ என்னும் பொருள் நாணயப் புழக்கம் பெருகிய பிற்காலத்து வழக்கு என்று பலரும் எண்ணக்கூடும். திருக்குறளைப் புரட்டினால் அந்த எண்ணம் மாறிவிடும்.

வெகுளாமை அதிகாரத்தின் முதற்குறள் (301) இது: ‘செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்’. தன் சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதைக் காப்பவனே உண்மையில் சினம் காப்பவன் என்பது பொருள். இங்கே ‘செல்லிடம்’ என்பது ஆள் நடந்துபோகும் இடமன்று. அதிகாரம் எடுபடும் இடம். ‘அவர் சொன்னால் அங்கே செல்லும்’ என்று இன்று நாம் சொல்வதும், ‘செல்வாக்கு’ என்று வழங்குவதும், இந்தத் தாள் செல்லாது என்று அறிவிப்பதும் இதே பொருளின் நீட்சி. ஒரு சொல்லோ ஆணையோ நாணயமோ ஒருவரிடமிருந்து மற்றவரிடம் தடையின்றிப் போய்ச்சேர்வது அதன் மதிப்பு. இடையில் நின்றுவிட்டால் அதற்கு மதிப்பில்லை. நடத்தலிலிருந்து மதிப்பு என்னும் கருத்துக்கு மொழி கடந்துவந்த வழி இதுதான். வள்ளுவர் காலத்திலேயே அந்த வழி திறந்திருந்தது.

அறிவுடைமை அதிகாரத்தில் (422) இன்னொரு சான்று இருக்கிறது: ‘சென்ற இடத்தால் செலவிடா தீதொரீஇ நன்றின்பால் உய்ப்பது அறிவு’. இன்றைய கண்ணோடு வாசிக்கும் மாணவர் ‘செலவிடா’ என்பதைக் கண்டவுடன் பணம் செலவிடாமை என்று கொள்ளக்கூடும். அது ‘செல விடா’ எனப் பிரிவது: மனத்தை அது போன இடத்திலெல்லாம் போகவிடாமல், தீமையினின்று விலக்கி, நன்மையின்பால் செலுத்துவது அறிவு என்கிறது குறள். ‘செல’ என்பது இங்கே வினையெச்சம். ‘செலவு’ என்னும் பெயரோடு ‘இடு’ சேர்ந்த இன்றைய ‘செலவிடு’ வேறு. இந்த வேறுபாட்டை ஒருவர் தாமே கண்டுகொள்ள வேண்டுமானால், பேரகராதியில் செல், செலவு, செலவிடு என்னும் தலைச்சொற்களை அடுத்தடுத்துத் திறந்து பார்த்தாலே போதும். அச்சுத்தொகுதியில் பக்கங்களைப் புரட்டிச் செய்யவேண்டிய இவ்வேலையை இணையச் சேவை சில நொடிகளில் முடித்துத்தருகிறது.

‘செலவு’ என்னும் பெயர்ச்சொல் முதலில் பயணத்தையே குறித்தது. பொருள் தேடப் பிரியும் தலைவன் புறப்பாட்டைத் தள்ளிப்போடுவதை அகத்திணை மரபு ‘செலவழுங்கல்’ என்று வழங்கிற்று. தொல்காப்பியக் கற்பியல், ‘செலவிடை அழுங்கல் செல்லாமை அன்றே வன்புறை குறித்த தவிர்ச்சி ஆகும்’ என்று அதற்கு இலக்கணம் சொல்கிறது: தலைவன் தயங்கி நிற்பது போகாமலிருப்பதற்காக அன்று, தலைவியை ஆற்றுவித்துப் பின் போவதற்காகவே. தயங்கி நிற்கும் தலைவனிடம் தலைவி பேசுவதாக (தோழி கூற்றாகக் கொள்வாரும் உண்டு) அமைந்த குறளிலும் (1151) இதே சொல் நிற்கிறது: ‘செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின் வல்வரவு வாழ்வார்க் குரை’. நீ போகவில்லை என்றால் என்னிடம் சொல். விரைந்து திரும்பிவருவேன் என்பதை அதுவரை உயிரோடிருப்பவர்களிடம் சொல். செலவையும் வரவையும் எதிரெதிரே நிறுத்திய இக்குறளை வாசிக்கும்போதெல்லாம், நம் வீட்டுக் கணக்கு நோட்டின் தலைப்பில் இருக்கும் ‘வரவு செலவு’ என்னும் இணை எவ்வளவு பழைய இணை என்னும் வியப்பு எனக்கு உண்டாகிறது.

இந்த இணையைப் பற்றித் தொல்காப்பியச் சொல்லதிகாரம் மிக நுட்பமான ஒரு செய்தியைப் பதிவுசெய்திருக்கிறது. செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கு சொற்களையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு, அவற்றுள் தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை என்றும், மற்ற இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்றும் அது வகுக்கிறது. அதாவது, என்னிடமோ உன்னிடமோ ஒருவர் நெருங்கினால் ‘வந்தார்’. மூன்றாம் ஒருவரிடம் போனால் ‘சென்றார்’. எனக்கோ உனக்கோ ஒன்று கிடைத்தால் ‘தந்தார்’. அவருக்குக் கிடைத்தால் ‘கொடுத்தார்’. இன்றைய தமிழில் தா, கொடு என்னும் வேறுபாடு பெரும்பாலும் கலைந்துவிட்டது. மலையாளத்தில் ‘தரிக’, ‘கொடுக்குக’ என்னும் வேறுபாடு இன்றும் கண்டிப்பாகப் பேணப்படுகிறது. செல், வா என்பவற்றைப் பொறுத்தவரை நாமும் அந்த விதியை ஓரளவு காத்தே வருகிறோம்: நண்பரோடு தொலைபேசியில் பேசும்போது ‘நாளை உங்கள் வீட்டுக்கு வருகிறேன்’ என்போமேயன்றி ‘உங்கள் வீட்டுக்குச் செல்கிறேன்’ என்று சொல்லமாட்டோம். செல் என்பது பேசுவோரையும் கேட்போரையும் விட்டு விலகிப்போகும் இயக்கம். கையைவிட்டு விலகிப்போகும் பணத்துக்கு அதே சொல் அமைந்ததில் வியப்பில்லை. கைக்கு வந்துசேரும் பணம் வரவாயிற்று. இலங்கையில் அரசின் ஆண்டு நிதி அறிக்கையை ‘வரவு செலவுத் திட்டம்’ என்றே வழங்குகிறார்கள்.

செலவு என்பதற்கு வேறு சில அழகிய கிளைகளும் உண்டு. சிலப்பதிகாரக் கானல்வரியின் தொடக்கத்தில் யாழ் மீட்டலின் எண்வகைச் செயல்கள் சொல்லப்படுகின்றன. பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல் ஆகியவற்றை அடுத்து வருவது ‘கண்ணிய செலவு’. கொங்கு நாட்டிலோ மிளகு, சீரகம், மல்லி முதலிய சமையற் பொருள்களையே ‘செலவு’ என்பார்கள். அவற்றை அரைத்து வைப்பது ‘செலவு ரசம்’. வட்டார வழக்குகளுக்குப் பேரகராதியை மட்டும் நம்பியிருக்க முடியாது.

இனி, இச்சேவையில் நான் பெரிதும் மதிக்கும் பகுதிக்கு வருகிறேன். தாமஸ் பரோ ஆக்ஸ்போர்டில் வடமொழிப் பேராசிரியராக இருந்தவர். மரே எமனோ கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர், 1930களில் நீலகிரியில் தங்கித் தோதா, கோத்தா மொழிகளைக் களத்தில் கேட்டு எழுதியவர். இருவரும் சேர்ந்து 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் திருத்திய இரண்டாம் பதிப்பு 1984இல் வந்தது. ஏறத்தாழ 5,500 பதிவுகள் கொண்ட இந்நூலில், ஒவ்வொரு பதிவும் ஒரு சொற்குடும்பம். தமிழ் வடிவம் இருந்தால் அதுவே முதலில் நிற்கும்; பிறகு மலையாளம், கோத்தா, தோதா, கன்னடம், குடகு, துளு, தெலுங்கு என்று தெற்கிலிருந்து தொடங்கி, நடுவிந்தியாவின் கோண்டி, கூயி முதலியவற்றின் வழியாக, குருக், மால்தோ, பிராகூயி வரை வரிசை போகும். எந்த மொழியில் இனச்சொல் இல்லையோ அந்த மொழி வரிசையில் இடம்பெறாது. இந்த எளிய அமைப்பே அந்நூலின் நேர்மைக்குச் சான்று.

செல் என்னும் சொற்குடும்பத்தை இதில் காண்பது பெரிய இன்பம். மலையாளத்தில் ‘செல்லுக’ என்பது ஓரிடத்துக்குப் போய்ச்சேர்தலையும் ‘செலவு’ பணச்செலவையும் குறிக்கின்றன. கன்னடத்தில் ‘சல்’ அல்லது ‘சல்லு’ என்பது சேர்தல், உரியதாதல், தகுதியாதல் என்னும் பொருள்களைத் தாங்குகிறது. அங்கே விண்ணப்பம் அளிப்பதை இன்றும் ‘அர்ஜி சல்லிசு’ என்பார்கள். தெலுங்கில் ‘செல்லு’ என்றால் நாணயம் செல்லுபடியாதல். வரி கட்டுவதற்குப் ‘பன்னு செல்லிஞ்சு’ என்பது வழக்கு. நாம் ‘வரி செலுத்து’ என்பதும் அவர்கள் ‘செல்லிஞ்சு’ என்பதும் ஒரே வேரிலிருந்து, ஒரே எண்ண ஓட்டத்தில், தத்தம் பிறவினை ஈறுகளோடு அமைந்தவை. அதே தெலுங்கின் பழங்காவியங்களில் ‘சனு’ என்பது போதலைக் குறிக்கிறது. ஒடிசா மலைப்பகுதியின் கூயி மொழியில் ‘சல்’, பெங்கோ மொழியில் ‘ஹல்’ என்று நிற்கும் வடிவங்கள் போதல் என்னும் பழம்பொருளிலேயே இன்றும் அன்றாடப் பேச்சில் இருக்கின்றன. பெங்கோ மொழியை உலகம் அறிந்தது, பரோவும் சுதிபூஷண் பட்டாச்சார்யாவும் அப்பகுதிக்குப் போய்த் திரட்டி 1970இல் நூலாக்கியதனால்தான். சகரம் ஹகரமாக மெலிவது அப்பகுதி மொழிகளில் பரவலாக நிகழ்ந்த மாற்றம் என்பதால், ‘ஹல்’ என்பதைக் கண்டு மலைக்கத் தேவையில்லை.

இந்த வரிசை வெறும் பட்டியல்தானே என்று சிலர் எண்ணலாம். ஒரு பட்டியலை ஒழுங்காக வாசித்தால் அது என்ன சொல்லும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். தமிழில் எ, இ போன்ற உயிர்களுக்கு முன் வரும் சொல்முதற் சகரம் இருவகைத் தோற்றம் உடையது. சில சொற்களில் அது பழைய ககரத்தின் திரிபு: நாம் ‘செவி’ என்பதைக் கன்னடர் ‘கிவி’ என்கிறார்கள், நாம் ‘செய்’ என்பது பழங்கன்னடத்தில் ‘கெய்’. வேறு சில சொற்களில் அது தொடக்கத்திலிருந்தே சகரம்; அவற்றில் கன்னடமும் சகரத்தையே கொண்டிருக்கும், நம் ‘சேர்’ அங்கே ‘சேரு’ ஆவதைப் போல. செல் என்பதற்குக் கன்னடம் ‘சல்’ என்று காட்டுகிறதே தவிரக் ககர வடிவம் காட்டவில்லை. ஆகவே இச்சொல்லின் சகரம் திரிபன்று, மூலத்திலேயே இருந்தது என்று துணியலாம். ககரத்தில் தொடங்கும் ஏதேனும் ஒரு சொல்லோடு செல் என்பதை முடிச்சுப்போட்டு வேர்காண முயல்வோர் இந்த ஒரு கன்னட வடிவத்துக்கு விடை சொல்லியாக வேண்டும். ஊகத்துக்கும் ஆய்வுக்கும் உள்ள எல்லைக்கோட்டை இப்படி நம் கண்ணெதிரே வரைந்துகாட்டுவதே இவ்வகராதி செய்யும் பேருதவி.

உயிரெழுத்தில் ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. தமிழும் மலையாளமும் எகரம் காட்ட, கன்னடமும் கூயியும் அகரம் காட்டுகின்றன. தெலுங்கு இரண்டையும் காட்டுகிறது. பதிவில் இதற்கு விளக்கம் இல்லை; விளக்கம் தருவது அந்நூலின் நோக்கமும் அன்று. திராவிட மொழிகள் அனைத்துக்கும் மூலமான மொழியில் இருந்த வடிவம் இதுதான் என்று மீட்டெழுதுவதை அதன் ஆசிரியர்கள் வேண்டுமென்றே தவிர்த்தார்கள். இவ்விடத்தில் தமிழ் வாசகர் தம் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கலாம்: சொல்லின் முதலில் சகரம் அ, ஐ, ஔ என்னும் மூன்று உயிர்களோடு வாராது என்று தொல்காப்பிய எழுத்ததிகாரம் விதிக்கிறது. அந்த விதி முழுமையாகப் பொருந்துமா என்பதில் அறிஞரிடையே நெடிய விவாதம் உண்டென்றாலும், பிறமொழிகளில் ‘சல்’ என்றிருப்பது தமிழில் ‘செல்’ என்றிருப்பதை ஆராய்வோர் அந்நூற்பாவை ஒதுக்கிவிட முடியாது.

செல்வம் என்னும் சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். ‘செல்வோம் செல்வோம் என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் அது செல்வம்’ என்னும் விளக்கத்தைக் கேட்காத தமிழர் இரார். நிலையாமையை அறிவுறுத்த அது நல்ல விளக்கம்தான். பட்டிமன்றத்தில் கைதட்டலும் பெறும். பரோவும் எமனோவும் செல்வத்தைச் செல் என்னும் வினையோடு சேர்க்கவில்லை. தனிப்பதிவாக வைத்து, அதனோடு கன்னடத்தின் ‘செலுவு’, தெலுங்கின் ‘செலுவு’ ஆகிய, அழகைக் குறிக்கும் சொற்களை இணைத்திருக்கிறார்கள். கன்னடத்தில் அழகனைச் ‘செலுவ’ என்பார்கள். அப்படியானால் செல்வம் என்பதன் உள்ளே நிறைவும் பொலிவும் இருக்கின்றன; ஓடிப்போகும் தன்மை இல்லை. ‘செல்வன்’, ‘செல்வி’ என்று பிள்ளைகளை அழைப்பதோடும் இது நன்றாகப் பொருந்துகிறது. கன்னடம் ஒரு குடும்பத்தில் ‘சல்’ என்றும் மற்றக் குடும்பத்தில் ‘செலு’ என்றும் வெவ்வேறு ஒலிவடிவம் காட்டுவது இப்பிரிப்புக்கு வலுவூட்டுகிறது.

சேவையின் குறைகளையும் சொல்லவேண்டும். திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி முழுவதும் ரோமன் எழுத்தில் இருக்கிறது. தமிழ் எழுத்தில் எந்த வடிவமும் இல்லை. அதன் ஒலிபெயர்ப்பு முறையில் நம் சகரம் ‘சி’ (c) என்னும் ஆங்கில எழுத்தால் குறிக்கப்படுகிறது. ‘எஸ்’ (s) எழுத்திட்டுத் தேடுபவருக்குத் தமிழ்ச் சொல் அகப்படாது, கன்னட வடிவம்தான் அகப்படும். றகரம், னகரம், ழகரம் ஆகியவற்றுக்குக் கீழ்க்கோடிட்ட எழுத்துகள் வரும். மொழிப்பெயர்களும் இலக்கணக் குறிப்புகளும் சுருக்கக் குறியீடுகளாக நெருக்கி எழுதப்பட்டிருப்பதால், முதன்முறை பார்ப்பவர் குறியீட்டுப் பட்டியலைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொள்ள நேரும். விளக்கங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் பயிலும் கல்லூரி மாணவர் ஒருவர் துணையின்றி இதனுள் நுழைவது கடினம் என்பதை மறைத்துப் பயனில்லை. தமிழ் எழுத்தில் ஒரு தேடுவழியும், தமிழில் ஒரு முன்னுரையும் சேர்க்கப்பட்டால் இதன் பயன் பன்மடங்காகும்.

பேரகராதியின் குறைகள் வேறு வகையானவை. அது 1939இல் நின்றுவிட்ட நூல். அதற்குப் பிறகு தமிழில் நுழைந்த சொற்களும் பொருள்களும் அதில் இரா. அவற்றுக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியையே நாடவேண்டும். 1992இல் முதற்பதிப்பு கண்ட அந்நூல் 2008இலும் 2020இலும் விரிவாக்கப்பட்டது, இன்றைய வழக்கில் ஒரு சொல் எந்தத் தொடரில் எப்படி வரும் என்பதை எடுத்துக்காட்டுகளோடு தருகிறது. சொற்பிறப்பு விளக்கத்தில் பேரகராதி பல தமிழ்ச் சொற்களை வடமொழிக்கு உரியவை என்று குறித்ததைத் தேவநேயப் பாவாணர் கடுமையாக மறுத்தார். அவர் தலைமையில் 1974இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலி, வேரிலிருந்து பொருள் எவ்வாறு கிளைத்தது என்பதைத் தமிழிலேயே விரித்துரைக்கிறது. அதன் பொருள் விளக்கங்களிலும் மேற்கோள்களிலும் கற்கவேண்டியவை ஏராளம். ஆனால் வேர்விளக்கம் என்று வரும்போது, பிறமொழி வடிவங்களை ஒலிமாற்ற விதியோடு உரசிப்பார்க்கும் பரோ–எமனோ முறையையே நான் முதற்சான்றாகக் கொள்வேன். பாவாணர் வழியினர் தரும் விளக்கத்தை அதனோடு ஒப்பிட்டுப் பிறகே ஏற்பேன்.

‘போ’ என்னும் வினையையும் இதே சேவையில் சுருக்கமாகத் தேடிப்பார்க்கலாம். மலையாளப் ‘போகுக’, தெலுங்குப் ‘போவு’, பழங்கன்னடப் ‘போகு’, அது பகரம் ஹகரமாக மாறிய இன்றைய கன்னட ‘ஹோகு’ என்று அக்குடும்பம் சிக்கலின்றி விரிகிறது. நெடிலும் பகரமும் எல்லாவற்றிலும் சீராக ஒத்துவருவதால், ஒலிமாற்ற விதி என்றால் என்ன என்று மாணவர்க்குக் கற்பிக்க இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. செல் என்பதை இரண்டாம் பாடமாக வைத்துக்கொள்வது நலம்.

தமிழாசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், சொல்லாய்வில் ஆர்வமுள்ளோர் ஆகிய அனைவர்க்கும் இச்சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பேரகராதியில் தொடங்கி, பொருள்களையும் மேற்கோள்களையும் குறித்துக்கொண்டு, மேற்கோள் வந்த மூலநூலில் அந்த இடத்தை உரையோடு வாசித்துவிட்டு, அதன் பிறகே சொற்பிறப்பியல் அகராதிக்குப் போவது பயனுள்ள வரிசை. நேரே இனமொழி வடிவங்களுக்குத் தாவினால், அவற்றுள் எந்தப் பொருள் தமிழில் பழையது என்பது தெரியாமல் தடுமாற நேரும். ஒவ்வொரு பதிவிலும் அச்சுநூலின் பக்க எண் காட்டப்பட்டிருப்பதால், கட்டுரை எழுதுவோர் இணையப்பக்கத்தில் கண்டதை நூலின் பெயராலும் பக்கத்தாலும் முறையாக மேற்கோள் காட்ட முடிகிறது. சொற்பிறப்பியல் அகராதியின் பதிவுகளின் ஈற்றில் முதற்பதிப்பின் பதிவெண்ணும் தரப்பட்டிருக்கிறது. 1984க்கு முன் வெளிவந்த ஆய்வுக்கட்டுரைகள் அந்தப் பழைய எண்ணையே குறிப்பிடும் என்பதால், அவற்றைப் படிப்போர் இரண்டு எண்களையும் சேர்த்துக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.